கன்டெய்னர் யார்ட் எங்கே போடுவது: சீனன்குடாவா, கந்தளாயா, ஹபரணையா, இல்லை கொழும்பையே நம்புவதா?

நெல் ஆலைக்காரர், கடலுணவு ஏற்றுமதியாளர், பருப்பும் வெங்காயமும் இறக்கும் மொத்த வியாபாரி என்று நாலைந்து பேர் சேர்ந்து "திருகோணமலையிலேயே நாம் ஒரு கன்டெய்னர் யார்ட் (சரக்குப் பெட்டிகளை இறக்கி, அடுக்கி வைத்து, ஏற்றி அனுப்பும் முற்றம்) போட்டால் என்ன?" என்று பேசத் தொடங்கினால், பேச்சு உடனே காணி விலைக்குப் போய்விடுகிறது. ஆழமான இயற்கைத் துறைமுகம் பக்கத்தில் இருக்கிறது, காணியும் சும்மா கிடக்கிறது; 260 கிலோமீட்டர் தாண்டிக் கொழும்புக்கு ஏன் ஓட வேண்டும் என்பது நியாயமான கேள்விதான்.

ஆனால் கன்டெய்னர் கப்பல் நிறுவனங்கள், வழக்கில் 'லைன்கள்', ஆழம் பார்த்து வருவதில்லை. பெட்டி எண்ணிக்கை பார்த்து வருகின்றன. 20 அடிப் பெட்டியை ஓர் அலகாக எண்ணினால், கொழும்பு வருடத்துக்கு 70 லட்சம் அலகுக்கு மேல் கையாள்கிறது. திருகோணமலையில் இறங்குவது பெரும்பாலும் கோதுமை, சீமெந்து மூலப்பொருள், எரிபொருள் போன்ற, பெட்டியில் அடைக்காத மொத்தச் சரக்கு. இங்கே கப்பலிலிருந்து பெட்டி தூக்கும் கரையோரக் கேன்ட்ரி கிரேன் இல்லை. ஆகவே யார்டை எங்கே போட்டாலும், இன்றைய நிலையில் உங்கள் பெட்டி கடலைத் தொடும் இடம் கொழும்புதான். கீழே உள்ள கணக்கெல்லாம் அதை வைத்தே போட்டது.

## முதலில் அளவுகோல்

வெற்றுப் பெட்டி. மற்ற எல்லாவற்றையும் விட இதற்கு முக்கியத்துவம் அதிகம். பெட்டி உங்களுடையது இல்லை, லைனுடையது. ஏற்றுமதிக்கு வெற்றுப் பெட்டியை லைன் கொழும்பைச் சுற்றியுள்ள யார்டுகளில்தான் விடுவிக்கும்: ஒருகொடவத்தை, பேலியகொடை, வத்தளைப் பக்கம். அதை ஏற்றிக்கொண்டு லொறி இங்கே வந்து, நிரப்பி, திரும்பிப் போக வேண்டும். இறக்குமதியில் இதே ஓட்டம் தலைகீழ்: நிரம்பி வரும், வெறுமையாய்ப் போகும். டிரெய்லரை இழுக்கும் லொறியான பிரைம் மூவர் ஒன்று லீட்டருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோமீட்டர் ஓடும் என்று வைத்தால், போய்வர 520 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 190 லீட்டர் டீசல். வெறும் பெட்டியோடு ஓடும் வழி சற்று மலிவு என்றாலும், செலவில் பாதிக்குக் கிட்ட ஒரு சதம் வருமானம் தராத ஓட்டத்துக்குப் போகிறது. யார்ட் போடுவதால் மிச்சம் பிடிக்க வேண்டியது இந்தப் பாதியைத்தான். லைன் "வெற்றுப் பெட்டியை உங்கள் யார்டிலேயே திருப்பி ஒப்படைக்கலாம், அங்கிருந்தே ஏற்றுமதிக்கு எடுக்கலாம்" என்று எழுத்தில் தந்தால் மிச்சம் வரும். தராவிட்டால் வராது.

சுங்கம். சுங்கத் திணைக்களம் அங்கீகரிக்காத இடத்துக்கு, தீர்வை கட்டி விடுவிக்கப்பட்ட பெட்டி மட்டுமே வரலாம். துறைமுகத்திலிருந்து சீல் உடையாமல் கொண்டுவந்து இங்கே பரிசோதித்து விடுவிக்க வேண்டுமென்றால், வேலி, ஒற்றை வாயில், கேமரா, அதிகாரிகளுக்கு அறை, அசிகுடா (சுங்கத்தின் கணினி முறை) இணைப்பு, வங்கி உத்தரவாதம் எல்லாம் வேண்டும். அதற்கு மேல், அதிகாரிகளைத் தினமும் அனுப்பும் அளவுக்கு வேலை இருக்கிறது என்று காட்டவும் வேண்டும். நாள் ஒன்றுக்கு மூன்று பெட்டி வரும் இடத்துக்கு நிரந்தர அதிகாரி கிடைப்பது கடினம்.

தூக்கல் எண்ணிக்கை. பெட்டியை ஒவ்வொரு தடவை தூக்கி வைப்பதும் காசு. அதோடு ஒரு சேத வாய்ப்பு. ஆலையில் நிரப்பி நேரே துறைமுகம் போகும் பெட்டிக்கு வழியில் தூக்கலே இல்லை. யார்ட் ஊடாகப் போனால் குறைந்தது இரண்டு கூடும். ரயில் ஏறினால் இன்னும் கூடும்.

தரை, காணி உரிமை, இரு திசைச் சுமை. முதல் இரண்டும் இடத்துக்கு இடம் மாறுவதால் அந்தந்தத் தெரிவின் கீழ் வருகின்றன. மூன்றாவது பருவம் சார்ந்தது. பெரும்போக அறுவடை பெப்ரவரி–மார்ச், சிறுபோகம் ஆகஸ்ட்–செப்டெம்பர். இறக்குமதி வருடம் முழுக்க ஓரளவு சீராக வரும், ஏற்றுமதி அப்படி வராது. வந்த பெட்டியும் போகும் பெட்டியும் ஒரே மாதத்தில் சந்திக்கின்றனவா என்று மாதவாரியாக எழுதிப் பார்க்காமல் வருடக் கூட்டுத்தொகையை நம்பக் கூடாது.

## தெரிவு 1: சீனன்குடா–கப்பல்துறைப் பக்கம்

எல்லோருடைய மனதிலும் முதலில் வருவது இதுதான். காரணமும் இருக்கிறது. பிரீமா மாவாலை, டோக்கியோ சீமெந்து, எண்ணெய்க் குதங்கள் எல்லாம் இங்கேதான். கனரக லொறிகளுக்குப் பழகிய வீதி. சீனன்குடா ரயில் நிலையம் கைக்கெட்டும் தூரம். நாளைக்கு கிரேன் உள்ள ஃபீடர் கப்பல் (பெரிய துறைமுகத்துக்குப் பெட்டி கொண்டுபோய்ச் சேர்க்கும் சிறு கப்பல்) ஒன்று அஷ்ரப் இறங்குதுறைக்கு வரத் தொடங்கினால், அதன் பலன் முதலில் கிடைப்பதும் இந்த இடத்துக்கே. சில பத்துப் பெட்டிகளுக்காக எந்த லைனும் கப்பலைத் திருப்பாது என்பதால், அந்த 'நாளை'க்கு இன்றைய கணக்கில் இடம் கொடுக்க வேண்டாம்.

மறைந்த செலவு முதலில் காணியில். இந்தப் பக்கத்தில் பெரும்பரப்பு இலங்கை துறைமுக அதிகார சபையின் கீழ் இருக்கிறது. அதிலேயே பல தலைமுறையாகக் குடியிருப்பவர்களும் பயிர் செய்பவர்களும் உண்டு. 2025இல் முத்துநகர் விவசாயிகள் சூரியமின் திட்டத்துக்குக் காணி கொடுக்கப்பட்டதை எதிர்த்து நடத்திய போராட்டம் எல்லோரும் பார்த்தது. அதிகார சபையிடம் குத்தகை கிடைத்துவிட்டது என்பதற்காகக் காணி கைக்கு வந்துவிட்டதாக எண்ண முடியாது. யார் அங்கே உழுகிறார்கள், யாருடைய மாடு அங்கே மேய்கிறது, பிரதேச செயலகத்தில் என்ன முறைப்பாடு கிடக்கிறது என்பதை நேரில் போய்க் கேளுங்கள். மனிதரை வெளியேற்றித்தான் யார்ட் போட வேண்டுமென்றால் அந்தக் காணி வேண்டாம். அறத்துக்காகவும், வழக்கு முடியும்வரை வங்கி வட்டி ஓடும் என்பதற்காகவும்.

அடுத்தது விமானத்தளம். சீனன்குடா விமானப்படைத் தளத்தின் ஓடுபாதைக்கு அருகே உயரக் கட்டுப்பாடு உண்டு. யார்டுக்கு வேண்டிய விளக்குக் கம்பம் 20 மீட்டருக்கு மேல் போகலாம். அடுக்கும் எந்திரத்தின் கையை முழுதாக நீட்டி உயர்த்தினால் அதுவும் 15 மீட்டரைத் தாண்டலாம். வரைபடம் போடுவதற்கு முன்பே சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி பற்றிக் கேட்காவிட்டால், நட்ட கம்பத்தைப் பிறகு அறுக்க நேரும். எண்ணெய்க் குதங்களிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதும் இதே போல முதலிலேயே தீர்க்க வேண்டியது.

### தரைதான் இங்கே காசைத் தின்னும்

குடாவை ஒட்டிய தாழ்நிலத்தில் நிலத்தடி நீர் மேலே நிற்கும். சில இடங்களில் களிமண், சில இடங்களில் நிரப்பிய மண். வீடு கட்டுவதற்குப் போதுமான தரை கன்டெய்னருக்குப் போதாது. கணக்கைப் பாருங்கள். ஒரு பெட்டியின் உச்ச எடை 30.48 தொன். அது நிற்பது நான்கு மூலைகளில். ஒவ்வொரு மூலையும் 178க்கு 162 மில்லிமீட்டர் அளவுள்ள ஓர் இரும்புக் கட்டி. மூன்று நிரம்பிய பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மூலைக்குக் கிட்டத்தட்ட 23 தொன். இப்படி அடுத்தடுத்து நிற்கும் நான்கு அடுக்குகளின் மூலைகள் ஒன்றுகூடும் இடத்தில், ஒரு சாப்பாட்டுத் தட்டை விடச் சற்றே பெரிய பரப்பில், 90 தொன் உட்காரும்.

எந்திரம் இதைவிட மோசம். பெட்டிகளை அடுக்கும், 45 தொன் தூக்கும் ரீச் ஸ்டாக்கர் தன்னளவில் 70 தொன் அளவு எடை. நிரம்பிய பெட்டியைத் தூக்கி நிற்கும்போது முன் அச்சில் மட்டும் 100 தொன் வரை இறங்கும். கிரவல் போட்டு உருட்டிய தரையில் இதை ஓட்டினால் முதல் மாரியிலேயே சக்கரத்தடம் குழியாகும். குழியில் நீர் நிற்கும், நீர் அடித்தளத்தை இளக்கும், எந்திரம் சாயும். சாய்ந்த எந்திரத்தின் கையில் 25 தொன் பெட்டி இருக்கும் என்பதையும் சேர்த்து நினையுங்கள்.

ஆகவே எந்திரம் ஓடும் வழிக்கு சீமெந்து கலந்து இறுக்கிய அடித்தளமும், அதன்மேல் கனமான கொங்கிரீட்டோ 80 முதல் 100 மில்லிமீட்டர் பின்னல் கல்லோ வேண்டும். பெட்டி நிற்கும் இடத்தில் முழுத் தளமும் போடத் தேவையில்லை. மூலைகள் உட்காரும் கோட்டில் மட்டும் கொங்கிரீட் பட்டை ஓட்டி, நடுவில் உடைகல் நிரப்பினால் செலவு குறையும், தண்ணீரும் இறங்கும். சரிவு நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் அடுக்கு சாயத் தொடங்கும். மண் பரிசோதனைக்குச் செலவழிக்கத் தயங்குகிறவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை வாசிக்கலாம்.

பிறகு காற்று. 2020 டிசெம்பரில் புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. உயரம் கூடிய (ஹை கியூப்) 40 அடி வெற்றுப் பெட்டி ஒன்றின் பக்கச்சுவர் ஏறத்தாழ 35 சதுர மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று அதை ஒன்றரைத் தொன்னுக்கு மேல் விசையோடு தள்ளும். பெட்டியின் சொந்த எடையோ 4 தொன்னுக்கும் கீழ். இரும்பின்மேல் இரும்பு இருந்தால் உயர அடுக்கிய வெற்றுப் பெட்டி வழுக்கும். ஒக்டோபர் முடிவதற்குள் வெற்றுப் பெட்டிகளை ஓர வரிசையில் ஒன்று, உள்ளே இரண்டு, நடுவில் மூன்று என்று படிப்படியாய் அடுக்கி, ஒன்றோடொன்று பூட்டி, கதவு காற்றுக்கு முகம் காட்டாதபடி வைப்பது இங்கே வருடாந்த வேலை. அடுத்த மூன்று மாதத்துக்கு யார்டின் கொள்ளளவு குறையும் என்பதைக் கணக்கில் சேருங்கள்.

யாருக்குச் சரி: இறக்குமதியும் ஏற்றுமதியும் இரண்டும் உள்ள கூட்டு, லைன் ஒன்றின் எழுத்து ஒப்புதல் கையில் உள்ளவர், மண் பரிசோதனை முடித்த மேட்டு நிலம் கிடைத்தவர். கப்பல்துறைப் பக்க மேட்டு நிலம், நீரோரக் காணியை விட இரண்டு மடங்கு விலை என்றாலும், பெரும்பாலும் முடிவில் மலிவாகவே அமையும்.

## தெரிவு 2: கந்தளாய், ரயில் பாதையோரம்

வாதம் நேரானது. திருகோணமலைப் பாதை கல்ஓயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையோடு சேர்ந்து கொழும்புக்குப் போகிறது. கந்தளாய் நெல் விளையும் இடம். ரயில் ஒன்று 15 வேகனோடு போனால் 20 அடிப் பெட்டி 30 போகும். 30 பிரைம் மூவர் மிச்சம்.

தாளில் அழகாய் இருக்கும் இந்தக் கணக்கு தூக்கலில் அடிபடுகிறது. ஆலையிலிருந்து லொறியில் யார்டுக்கு வந்து இறங்க ஒன்று. யார்டிலிருந்து வேகனுக்கு ஒன்று. கொழும்பில் ரயில் நேரே கப்பல் கிரேனின் கீழே போய் நிற்காது என்பதால் வேகனிலிருந்து லொறிக்கு இன்னொன்று. இந்த மூன்றும் வீதியில் நேரே போனால் இல்லாதவை. தூரம் 800, 1000 கிலோமீட்டர் என்றால் ரயிலின் மலிவு இதை விழுங்கிவிடும். 300 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் விழுங்காது. முழு ரயிலும் ஒரே சரக்காக, வாரத்துக்கு இத்தனை தடவை என்று நிரம்பினால்தான் நியாயம் வரும். மாவுக்கும் எரிபொருளுக்கும் அது பொருந்துவது அதனால்தான்.

பக்கப்பாதையும் மலிவில்லை. வேகன் ஒன்று சுமார் 14 மீட்டர் என்று வைத்தால் 15 வேகனுக்கு 210 மீட்டர். எஞ்சின் கழன்று திரும்ப இடம் சேர்த்தால் 300 மீட்டர் நேரான, சமமான பாதை வேண்டும். புகையிரதத் திணைக்களத்தின் சமிக்ஞையோடு அது இணைய வேண்டும். பாதை ஒற்றைப்பாதை, பயணிகள் ரயிலுக்கே முன்னுரிமை. கல்ஓயா–ஹபரணைக் காட்டுப் பகுதியில் யானைகளுக்காக வேகம் குறைக்கப்படுகிறது. 2025 பெப்ரவரியில் அந்தப் பகுதியில் ரயில் மோதிப் பல யானைகள் இறந்தன, ரயிலும் தடம்புரண்டது. அதே வருடம் நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாட்டின் ரயில் பாதைகளையும் பாலங்களையும் எப்படிச் சிதைத்தது என்பது தெரிந்ததே. கப்பல் காத்திராது, ரயில் ஒரு நாள் தவறினால் 30 பெட்டியும் ஒன்றாகத் தவறும். லொறி தவறினால் ஒன்றுதான்.

காணியில் ஒரு பொறி. கந்தளாய்க் குடியேற்றத் திட்டக் காணிகளில் பல 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணிகள். விற்கவோ துண்டாக்கவோ நினைத்தபடி முடியாது, வங்கியும் பிணையாக ஏற்கத் தயங்கும். விலை மலிவாக இருப்பதன் காரணம் பல நேரம் இதுவே. உறுதியா, அளிப்பா, அனுமதிப்பத்திரமா என்று முதல் நாளே கேளுங்கள்.

யாருக்குச் சரி: ஒரே சரக்கை வாரந்தோறும் முழு ரயிலாக அனுப்பக்கூடிய ஆலை. அத்தகையவர் கந்தளாய்க்குப் போவதற்கு முன் சீனன்குடா நிலையத்தைப் பார்ப்பது நல்லது. மொத்தச் சரக்குக்குப் பழகிய இடம் அது.

## தெரிவு 3: ஹபரணை–தம்புள்ளை

ஹபரணையில் ஏ6 வீதியும் ஏ11 வீதியும் சந்திக்கின்றன. தம்புள்ளையில் ஏ6, ஏ9. பொலனறுவை, அநுராதபுரம், மாத்தளைச் சரக்கும் சேர்வதால் எண்ணிக்கை கூடும், லைனிடம் பேச வலு கூடும். வரைபடத்தில் பார்த்தால் நடுநாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

திருகோணமலைக்காரருக்கு இது பொருந்தாது. உங்கள் சரக்கு 85 கிலோமீட்டர் போய்த்தான் பெட்டியைப் பார்க்கும். அந்த 85இல் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடைப்பட்ட காட்டு வழியில் இரவில் யானை வீதியில் நின்றால், சாரதி விளக்கைத் தாழ்த்திக் காத்திருக்கத்தான் வேண்டும். வனவிலங்கு, தொல்பொருள் அனுமதிகளும் இந்தப் பக்கத்தில் கூடுதல். முதலீட்டாளர்களில் பாதிப் பேர் பொலனறுவை, தம்புள்ளைக்காரர் என்றால் மட்டும் இதைப் பேசலாம்.

## தெரிவு 4: யார்ட் வேண்டாம், ஏற்றுக் கொட்டகை மட்டும்

இதைச் சொன்னால் கூட்டத்தில் முகம் சுருங்கும். 'சும்மா ஒரு கொட்டகையா?' என்று தோன்றும். ஆனால் நாளுக்கு ஐந்து பெட்டிக்குக் கீழே உள்ளவர்களுக்கு, இன்றைய நிலையில் காசு மிஞ்சும் ஒரே வழி இதுதான் என்பது எங்கள் மதிப்பீடு.

பெட்டி டிரெய்லரை விட்டு இறங்காமலே நிரப்பி அனுப்பும் ஏற்பாடு இது. வேண்டியவை:

- ஏற்றுமேடை. டிரெய்லரில் நிற்கும் பெட்டியின் தரை 1.2 முதல் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும். வாடகைக்கு எடுக்கும் டிரெய்லர்களை அளந்த பிறகே மேடை உயரத்தை முடிவு செய்யுங்கள். மிச்ச வித்தியாசத்துக்கு மடிப்புத் தகடு. மேடை 10 சென்டிமீட்டர் கூடிப்போனாலும், பெட்டி காலியாக நிற்கும்போதும் நிரம்பி ஸ்பிரிங் அமுங்கும்போதும் இரண்டு சரிவு வரும், மூட்டை சறுக்கும்.
- 2.5 தொன் ஃபோர்க்லிஃப்ட். கம்பம் தாழ்ந்த நிலையில் 2.2 மீட்டருக்குள் அடங்க வேண்டும். சாதாரணப் பெட்டியின் கதவு உயரம் 2.28 மீட்டர்தான். கம்பம் உயராமலே முள் உயரும் வகையைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் உள்ளே போய் இரண்டாவது தட்டை வைக்கும்போது கூரை கிழியும், அந்தக் கட்டணத்தை லைன் உங்களிடம் வாங்கும்.
- எடைப்பாலம். 2016 ஜூலை 1 முதல் நிரம்பிய பெட்டியின் உறுதிசெய்த எடை இல்லாமல் கப்பலில் ஏற்றுவதில்லை. பெட்டியோடு லொறியை நிறுப்பது ஒரு வழி. சரக்கு, முட்டுப்பலகை, கதவில் எழுதிய வெறும் எடை எல்லாவற்றையும் கூட்டுவது மற்றது. சீரான மூட்டை எடை உள்ள அரிசி ஆலைக்கு இரண்டாவது வழி போதும்.
- வாயிலுக்கு உள்ளே மூன்று லொறி நிற்கும் நீளம். ஒன்று 17 மீட்டர் அளவு. ஏ6இல் வரிசை நின்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையும் பொலிசும் சேர்ந்து வருவார்கள்.

வந்த வெற்றுப் பெட்டியை ஏற்கும் முன் ஒருவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொல்லி ஒரு நிமிடம் நிற்க வேண்டும். எங்காவது ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் மழை அங்கே நுழையும். கண் பழகும் அந்த நேரத்தில் மூக்குக்கும் வேலை: மீன்தூள், இரசாயனம், டீசல் வாசம் இருந்தால் அரிசிக்கோ தவிட்டுக்கோ அந்தப் பெட்டி ஆகாது. தரைப்பலகையில் எண்ணெய்க் கறை, நீட்டிய ஆணி. ரப்பர் விளிம்பு. இத்தனையும் கொழும்பு யார்டிலேயே பார்க்க ஓர் ஆளை வைத்தால், கெட்ட பெட்டி 260 கிலோமீட்டர் வந்து திரும்பும் செலவு மிச்சம்.

இறக்குமதி செய்யும் மொத்த வியாபாரியும் ஏற்றுமதி செய்யும் ஆலையும் ஒரே கூட்டில் இருப்பதன் பலன் யார்ட் இல்லாமலே கிடைக்கும். பருப்பு இறக்கிய பெட்டியையே அரிசிக்கு எடுக்கலாம். ஆனால் லைன் ஒன்றாக இருக்க வேண்டும், பெட்டி வகை ஒன்றாக இருக்க வேண்டும், லைனின் ஏஜன்ட் முன்கூட்டி ஒப்புக்கொள்ள வேண்டும். மாதம் நாலு பெட்டி இப்படி மாற்றினால்கூட நாலு வெற்று ஓட்டம் இல்லாமல் போகும்.

மறைந்த செலவும் உண்டு. நிரப்பி முடியும்வரை பிரைம் மூவர் காத்திருந்தால் காத்திருப்புக் கட்டணம். கழற்றிவிட்டுப் போனால் டிரெய்லர் வாடகை. மழையில் ஏற்ற முடியாத நாள்களும் இதில் சேரும். கொழும்பு நெரிசல் முழுதும் உங்கள் தலையில் விழும்: 2025 ஜனவரியில் பரிசோதனைக்குக் காத்திருந்த கொள்கலன்கள் தேங்கியபோது, லொறிகள் நாள்கணக்கில் நின்றன. பெட்டியைத் திருப்பத் தாமதமானால் லைன் அறவிடும் டிடென்ஷனும் ஓடும். இலவச நாள்கள் லைனுக்கு லைன் வேறு, பேசினால் கூட்டித் தருவார்கள்.

யாருக்குச் சரி: தொடங்குகிற எல்லோருக்கும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | சீனன்குடா–கப்பல்துறை | கந்தளாய் ரயிலோரம் | ஹபரணை–தம்புள்ளை | கொட்டகை மட்டும் |
|---|---|---|---|---|
| வெற்றுப் பெட்டி | லைன் ஒப்பினால் நல்லது | லைனை ஒப்ப வைப்பது கடினம் | எண்ணிக்கை கூடுதல், ஒப்ப வாய்ப்பு அதிகம் | கொழும்பிலிருந்தே. மாற்றிப் பயன்படுத்தலாம் |
| கூடுதல் தூக்கல் | 2 | 3 | 2 | 0 |
| தரைச் செலவு | நீரோரத்தில் மிக அதிகம் | நடுத்தரம், பாதைச் செலவு தனி | நடுத்தரம் | குறைவு |
| காணிச் சிக்கல் | அரச காணி, குடியிருப்பு | அனுமதிப்பத்திரக் காணி | தொல்பொருள், வனவிலங்கு | சொந்த ஆலை வளவே போதும் |
| எப்போது கட்டுப்படியாகும் | நாளுக்கு 15–20 பெட்டி | வாரந்தோறும் முழு ரயில் | பல மாவட்டச் சரக்கு | நாளுக்கு ஒன்றிலிருந்து |

## யார்டுக்கு எவ்வளவு காணி, எந்த எந்திரம்

20 அடிப் பெட்டி தரையில் பிடிப்பது ஏறத்தாழ 15 சதுர மீட்டர். எந்திரம் திரும்பும் வழி, லொறிப் பாதை, வாயில், கொட்டகை எல்லாம் சேர்த்து மூன்று மடங்கு வையுங்கள். ஏக்கருக்கு 90 பெட்டி இடம் என்று வரும். மூன்று உயரம் அடுக்கலாம் என்றாலும், அடியில் உள்ளதை எடுக்க மேலே உள்ளதை நகர்த்த வேண்டியிருப்பதால் மூன்றில் இரண்டு பங்குதான் உண்மையில் பயன்படும். ஐந்து ஏக்கர் இருந்தால் திருகோணமலையின் இன்றைய தேவைக்கு ஏராளம். 25 ஏக்கர் கேட்டு வருடக்கணக்கில் கோப்பு நகர்த்துவதில் பொருள் இல்லை.

ரீச் ஸ்டாக்கர் ஒன்று மணிக்கு 10 முதல் 15 தடவை தூக்கும். நாளுக்கு 20 பெட்டி வந்து, பெட்டிக்கு நாலு தூக்கல் என்றால் அதற்கு ஒரு நாள் வேலை சரியாக இருக்கும். மூன்று பெட்டிக்கு அதை வாங்கினால் வட்டிக்கும் டயருக்கும் சம்பாதிப்பீர்கள். குறைந்த எண்ணிக்கைக்கு சைட் லிஃப்டர் டிரெய்லர் நல்லது: தானே பெட்டியைத் தரையில் வைக்கும், தானே எடுக்கும், தரையும் அவ்வளவு கனமாக வேண்டாம். வாடகைக் கிரேன் பிடிப்பவர்கள் தூக்குச் சட்டமும் சேர்த்துப் பிடியுங்கள். நிரம்பிய பெட்டியின் மேல்மூலையில் சாய்ந்த சங்கிலியை மாட்டித் தூக்கினால் மேல்சட்டம் உள்ளே மடியும்.

கடலுணவுக்கு ரீஃபர் (குளிரூட்டும்) பெட்டி வைப்பவர்கள் மின்சாரத்தை முதலில் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்ட 32 அம்பியர் செருகி. குளிர் பிடித்த பெட்டி சராசரியாக 4, 5 கிலோவாட் எடுக்கும். சூடேறிய பெட்டி குளிர்ந்து வரும்வரை அதன் இரண்டு மடங்குக்கு மேல் எடுக்கும். பத்துப் பெட்டிக்கு 50 கிலோவாட் ஜெனரேட்டர் போதும் என்று வாங்குகிறவர்கள், மின்வெட்டு முடிந்து பத்தும் ஒரே நொடியில் கிளம்பும்போது திணறுவார்கள். ஒன்றன்பின் ஒன்றாக இயக்கும் ஒழுங்கு வையுங்கள், ஜெனரேட்டரைப் பெரிதாக எடுங்கள், செருகி மேடையை வெள்ளமட்டத்துக்கு மேலே கட்டுங்கள்.

## முற்பணம் கொடுப்பதற்கு முன்

கூட்டில் உள்ள ஒவ்வொருவரும் கடந்த 12 மாதத்தில் எந்த மாதம், எந்த லைனில், என்ன அளவுப் பெட்டி, உள்ளேயா வெளியேயா என்று ஒரே தாளில் எழுதட்டும். கஸ்டெக் (சுங்கப் பிரகடனப் படிவம்) பிரதிகள் உங்கள் சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துத் தரும் வார்ஃப் கிளார்க்கிடம் இருக்கும். அந்தத் தாளில் ஒரே லைனின் பெயர் உள்ளேயும் வெளியேயும் ஒரே மாதத்தில் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டுதான் லைனின் கொழும்பு அலுவலகத்தில் பேச முடியும்.

லைன் ஒப்பினால் கப்பல்துறைப் பக்கம் ஐந்து ஏக்கர் மேட்டு நிலத்துக்குப் பேசுங்கள், சுங்க அங்கீகாரத்துக்கான விண்ணப்பத்தையும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதியையும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள். லைனின் ஒப்புதல் ரத்தானாலோ, சுங்க அங்கீகாரம் 18 மாதத்தில் கிடைக்காவிட்டாலோ, முற்பணம் திரும்பி வந்து குத்தகை முறியும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். காணிக்காரர் அதற்கு இணங்காவிட்டால் பக்கத்துக் காணியைப் பாருங்கள். லைன் ஒப்பாவிட்டால் ஆலை வளவில் ஏற்றுமேடையைக் கட்டி, அடுத்த பெரும்போகம் முடிந்ததும் அதே தாளைப் புதுப்பித்துக்கொண்டு திரும்பப் போங்கள்.